இருபத்தெட்டு மாத்திரைகளும் ஃபைனஸ் அக்காவும்

மார்ச் 3, வியாழன்

மழை. சோம்பா மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. காலையில் ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது அங்கே ஒரு மலை இருந்ததாகவே தெரியவில்லை. பிரசவ வார்டில் ஆறு கட்டில், ஏழு பிரசவம். ஏழாவது பெண் தரையில் பாய் விரித்துப் பெற்றாள். பிள்ளைக்கு ம்வூலா என்று பெயர் வைத்துவிட்டாள். மழை. எங்கள் மொழியில் அதுதான் அர்த்தம். யோசிக்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்தாள், வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் வைசன் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவைத்துத் திருத்துகிறார். யாரோ ஒரு பெண், முதலை வாரத்தில் ஆறு நாள் உழைக்கும் என்று எழுதியிருக்கிறாளாம். "தப்புன்னு எப்படிப் போடறது? நான் பார்த்ததில்லையே" என்கிறார்.

மார்ச் 9, புதன்

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அலினாஃபே என்ற பெண். பத்தொன்பது வயது, தலைப்பிரசவம், பெண் குழந்தை. கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம்தான், ஆனால் வெளியே அப்படி ஒரு இருட்டு மழை. கரண்ட் போய்விட்டது. கூட வேலை செய்யும் லவ்னஸ் தன் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரப்பு மருந்து முழுதாக ஏறியிருக்கவில்லை, நான் அவசரப்பட்டேன். அவள் துள்ளினாள். ஊசி என் இடது ஆள்காட்டி விரலில்.

வலிக்கவே இல்லை. கையுறைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி பரவியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அமுக்காத, அமுக்காத! குழாயில வை. சும்மா ஓடட்டும்" என்று லவ்னஸ் கத்தினாள். என்னைக் குழாயடிக்குத் தள்ளிவிட்டு மிச்சத் தையலை அவளே போட்டாள்.

அப்புறம்தான் அலினாஃபேயின் ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டினேன். எச்ஐவி இருக்கிறது. ஆறாம் மாதத்தில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கடைசி இரண்டு பக்கம் காலி.

"மாத்திரை போடறியா?"

சுவரைப் பார்த்தாள். "போட்டேன் சிஸ்டர். மாவு டப்பாவுல ஒளிச்சு வச்சிருந்தேன். அவரு கண்டுபிடிச்சுத் தூக்கி வீசிட்டாரு. ரெண்டு மாசமாச்சு." பிறகு என் விரலில் சுற்றியிருந்த பஞ்சைப் பார்த்தாள். "என்னாலயா?"

"ஊசியால" என்றேன்.

குழந்தைக்கு முதல் சொட்டு மருந்தை ஊற்றினோம். எனக்கு வேண்டிய தடுப்பு மாத்திரைதான் கிடைக்கவில்லை. மருந்து அலமாரிச் சாவியோடு மருந்தாளர் தொமாசியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். எச்ஐவி பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கலிலானி சார் மழையோடு மழையாகத் தன் மோட்டார் சைக்கிளில் போய்ச் சாவியை வாங்கி வந்தார். மூன்று மணி நேரம். எழுபத்திரண்டு மணி நேரம் வரை போடலாம், இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். தெரியும் சார். புதிதாக வருகிற நர்சுகளுக்கு இந்தப் பாடத்தை எடுப்பவளே நான்தானே.

என் ரத்தத்தையும் எடுத்தார்கள். ஒரு கோடு. இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை.

இருபத்தெட்டு நாள் மாத்திரையை வாங்க எச்ஐவி பிரிவின் ஜன்னலில் நிற்கவேண்டும். வாராவாரம் நான் புத்திமதி சொல்லும் ஒரு அம்மா எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், நீங்களுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் நகர்ந்து இடம் விட்டார். "இப்படி உள்ள வாங்க. அங்க தூவானம் அடிக்கும்."

வைசனிடம் உடனே சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 10, வியாழன்

எழுந்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவினேன். படுக்கப்போகும் முன் வெறும் வயிற்றில் போடுங்கள், தலைசுற்றல் தெரியாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? தெரிகிறது.

கனவு வரும் என்றும் சொல்லுவேன். "கொஞ்சம் கலர் கலரா கனவு வரும், பயப்படாதீங்க." அந்த ஒரு வரியோடு முடித்துவிடுவேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் முழங்கால் அளவுக்குச் சில்வா ஏரித் தண்ணீர். கட்டில்கள் மிதக்கின்றன. நடுவில் ஒரு மரத்தோணியில் ஃபைனஸ் அக்கா வருகிறாள். இடுப்பில் பச்சை சிட்டெஞ்சே துணி, கையில் துடுப்புக்குப் பதில் துடைப்பக்கட்டை. மீன் கருவாட்டு வாசனை கூட வந்தது. கனவில் வாசனை வருமா?

"ஏறுடி. நேரமாச்சு" என்றாள்.

செத்துப்போன இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு தடவை கூட என் கனவில் வராதவள்.

மார்ச் 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வாந்தி.

வைசன் முன்னறையில் பாய் போட்டுக்கொண்டார். நோட்டுத் திருத்த வசதியாம்.

மார்ச் 17, வியாழன்

இன்று காலைக் கனவில் அக்கா எங்கள் பழைய வீட்டு வாசலில் மந்தாசிப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்குள் போடும் உருண்டை எல்லாம் சின்னச் சின்னப் பறவையாகி எழும்பிப் பறந்தன. அவள் கரண்டியால் எட்டி எட்டிப் பிடிக்கிறாள், சிரிக்கிறாள். என்னைப் பார்த்ததும் நின்று, "என்னடி இது, என்னை விடக் கெழவியாயிட்ட?" என்றாள்.

ஆமாம். அவளுக்கு இருபத்தாறு. எனக்கு முப்பத்து நான்கு.

கண் விழித்து வெகுநேரம் அப்படியே கிடந்தேன். அறை முழுக்க மஞ்சளாக இருந்தது. எண்ணெய் சுடும் சத்தம் காதில் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு அது கூரையில் மழை என்று தெரிந்தது.

அக்கா இதே நோயில், இதே ஆஸ்பத்திரியில்தான் போனாள், நடைபாதையில், பாயில். இந்த மாத்திரை அப்போதே உலகத்தில் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் கையில் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தது, இலவசமாக, அதே ஜன்னலில்.

மார்ச் 20, ஞாயிறு

இன்று வைசன் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ந்சிமாக் களி, கீரை. மாத்திரை டப்பா மேசைமேல் இருந்தது. நான் ஒளித்து வைக்கவில்லை, எதற்கு ஒளிக்கவேண்டும்? அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊசி குத்திடுச்சுன்னுதான் இது வந்தவங்க எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"சும்மா சொன்னேன்."

சும்மா! பதினோரு நாளா தலை சுத்திட்டு, சுவத்தப் பிடிச்சிட்டு வேலைக்குப் போறேன். சும்மாவாம். என் ரிசல்ட் பேப்பரக் காட்டினேனே, ஒரு கோடுன்னு. பார்த்தாரே. அப்புறம் என்ன? நான் ஆறு மாசத்துக்கு ஒருதரம் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கறவ. நீங்க ஒரு தடவையாவது கொடுத்திருக்கீங்களா?

இதை அவரிடம் கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 22, செவ்வாய்

ட்ரிப் பாட்டிலை மாற்றும்போது கண் இருட்டிவிட்டது. லவ்னஸ் என் தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சர்க்கரை போட்ட டீ கொடுத்தாள்.

"நிறுத்திடு எஸ்நாத். நான் நிறுத்தல?"

"நீ எப்போ போட்ட?"

"போன வருஷம். அந்த ஆக்சிடென்ட் கேஸ்ல குத்திக்கிட்டேனே. ஒம்போது நாள் போட்டேன். ஒம்போதாம் நாள் கனவுல என் மாமியார் என் வீட்டுலயே தங்கறேன்னு பெட்டியோட வந்துட்டாங்க. மறுநாளே தூக்கிப் போட்டேன்."

சிரித்தோம். பிறகு கேட்டேன். "அப்புறம் டெஸ்ட்?"

"எதுக்கு? தெரியாம இருக்கறது நல்லாத்தானே இருக்கு."

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் டீ கோப்பையைக் கழுவிக் கழுவி வைத்தாள், மூன்று தடவை.

ஒரு நாள் கூட விடக்கூடாது என்று மைக் பிடிக்காத குறையாக நான் கத்துகிறேன். எனக்குப் பக்கத்தில் நின்று பிரசவம் பார்க்கிறவள் ஒன்பதோடு நிறுத்தியிருக்கிறாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. இன்று காலை நானும் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள்தான்.

அக்காவுக்காகத்தான் விடாமல் போடுகிறேன். இதை யாரிடம் சொல்வது.

மார்ச் 27, ஈஸ்டர்

சர்ச்சில் வைசன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டுப் புத்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். விரல் படாமல்.

மார்ச் 29, செவ்வாய்

இன்றைய கனவை அப்படியே எழுதவேண்டும், ஒன்றும் கூட்டாமல்.

ஏரிக்கரை. வலைகள் காய்கின்றன. வெயில் இருக்கிறது, சூரியன் இல்லை. அக்கா கவிழ்த்துப்போட்ட தோணிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி மாதங்களின் கால் இல்லை, பழைய கால், சதை பிடித்த கால். என் கையில் மாத்திரை டப்பா. எனக்கு ஒரே அவசரம். இப்போது கொடுத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிகிறது. ஓடுகிறேன். மணல் ஓடவிடவில்லை. ஒருவழியாகப் போய் நீட்டினேன்.

"அக்கா, வந்துடுச்சு. இலவசம்தான். தினம் ஒண்ணு."

வாங்கினாள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள், டான்சுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது போல. சத்தம் பிடித்திருந்தது அவளுக்கு. இரண்டு தடவை குலுக்கினாள். அப்புறம் என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்குப் பசிக்கல, எஸ்நா. நீ சாப்பிடு."

வார்டுக்கு அரை மணி தாமதம். லவ்னஸ் என் கட்டில்களையும் சேர்த்துப் பார்த்துவைத்திருந்தாள்.

ஏப்ரல் 4, திங்கள்

நாளையோடு இருபத்தெட்டு.

கலிலானி சாரிடம் போனேன். இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதித் தரமுடியுமா, பாதுகாப்புக்கு, என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு போதும்னு உங்களுக்கே தெரியுமே சிஸ்டர். எல்லாரும் எப்படா முடியும்னு வருவாங்க. நீங்க என்ன?"

சொல்லிவிட்டேன். அக்கா, தோணி, பறவை எல்லாம். பைத்தியம் என்று நினைத்திருப்பார். இல்லை. கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

"அவங்களுக்கு அன்னிக்கு இல்லாம போச்சு. எனக்கும் ரெண்டு அண்ணன் அப்படித்தான் போனாங்க. ஆனா இது அவங்களப் பார்க்கறதுக்கான மருந்து இல்ல."

மேசைமேல் இருந்த டிஷ்யூ சுருளை என் பக்கம் உருட்டிவிட்டார். அது உருண்டு கீழே விழுந்து அறைக்கோடி வரை வெள்ளையாக நீண்டது. இருவரும் குனிந்து சுற்றினோம்.

ஏப்ரல் 6, புதன்

நேற்றிரவு கடைசி மாத்திரை முடிந்தது. சீக்கிரமே படுத்தேன், நல்ல பச்சை சிட்டெஞ்சே கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல.

அக்கா வரவில்லை. ஒரு கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் கனவு. நல்ல வெங்காயம்.

ஏப்ரல் 20, புதன்

ஆறு வாரம். ஒரு கோடு.

அலினாஃபே வந்திருந்தாள், குழந்தைக்கு ரத்தம் எடுக்க. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாளாம். குழந்தை முதுகில் கட்டுக்குள் தூங்கியது. பெயர் இன்னும் வைக்கவில்லை. பேப்பர் வந்த பிறகுதான் வைப்பாளாம். குதிகாலில் குத்தி அட்டையில் ஐந்து சொட்டு எடுத்தோம். முடிவு வர ஒரு மாதமாவது ஆகும்.

"நான் இப்போ விடாம போடறேன் சிஸ்டர். பாப்பாவுக்கும் ஊத்திட்டேன், ஆறு வாரமும். நீங்க?"

"நானும் முடிச்சுட்டேன்."

என் இடது கையைக் கேட்டு வாங்கினாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியாது, ஆறு வாரத்தில் ஊசித் தடம் எங்கே இருக்கும்? ஆனாலும் பார்த்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மே 26, வியாழன்

அலினாஃபேயின் குழந்தைக்கு இல்லை. பேப்பரை நானே வாசித்துக் காட்டினேன். அவள் கதவுக்கு வெளியே போய்க் குலவையிட்டுவிட்டு உள்ளே வந்து, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். பெயர் தியாமிகே, துதிப்போம் என்று அர்த்தம்.

ஜூன் 8, புதன்

மூன்று மாதம். எனக்கு ஒரு கோடு.

லவ்னஸும் என் கூடவே உட்கார்ந்து விரலை நீட்டினாள். நான் கூப்பிடவில்லை. பதினைந்து நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்துவிட்டது. அவளுக்கும் இல்லை. எழுந்ததும் முதல் வார்த்தை, "அந்த மாமியாருக்காகவாவது முழுசா போட்டிருக்கலாம்."

குளிர்த் தூறல், மலையைக் காணோம். வீட்டுக்குப் போய்ப் பேப்பரை வைசன் முன்னால் வைத்தேன். மூன்று தடவை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, என் பெயரில் ஆய்வுக்கூடத்துக்காரர் விட்டிருந்த ஒரு எழுத்தைச் சேர்த்தார். பேனாவை மூடவில்லை.

"எனக்குப் பயம், எஸ்நாத்."

"இனிமே எதுக்குப் பயம்? அதான் இல்லைன்னு வந்துடுச்சே."

"உன்னப் பத்தி இல்ல."

அப்புறம்தான் ரோடாவைப் பற்றிச் சொன்னார். முதல் மனைவி. ஏழு வருடம் முன்னால் நெஞ்சு நோயில் போனாள் என்றுதான் எனக்குத் தெரியும். "கடைசியில கேட்டா. ரெண்டு பேரும் போய் டெஸ்ட் பண்ணிக்கலாம்னு. திங்கக்கிழமை போலாம்னேன். எத்தனை திங்கக்கிழமை. அப்புறம் அவ கேக்கறத விட்டுட்டா." மேசையில் சிவப்பு மை ஒரு பொட்டாக ஊறிக்கொண்டிருந்தது. "நீ அந்த டப்பாவை மேசையில வச்சப்போ, நோய் உன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு நினைக்கல. உன்கிட்ட இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். அப்போ எனக்கு எப்படி வந்துச்சுன்னு என்னை யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

நான் எழுந்து போய்க் கோழிகளைக் கூண்டில் அடைத்தேன். ஒன்றிரண்டு தடவை எண்ணினேன்.

ஜூன் 10, வெள்ளி

வைசனுக்கு இரண்டு கோடு.

ஜூன் 11, சனி

கலிலானி சார் எழுதினார். என்னால் பதிவேட்டில் வைசன் பெயரை எழுத முடியவில்லை. எத்தனை பேரை எழுதியிருக்கிறேன் அந்தப் பேனாவால்.

ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் பக்கத்துலயே படுத்துட்டு. ஒரு ஊசி, ஒரு சொட்டு, அதுக்கு மூணு மாசம் நான் நடுங்கினேன். நடுங்கினதெல்லாம் தப்பான இடத்துல. ஊசின்னு எல்லாரும்தான் சொல்றாங்களாம்! எப்படிச் சொல்ல வந்தது அந்த வாய்க்கு?

அந்த ஊசி குத்தாமல் இருந்திருந்தால் இவருக்கு இருப்பது தெரிந்திருக்குமா? அதையும் நினைக்கிறேன். நினைக்கப் பிடிக்கவில்லை.

லவ்னஸ் வீட்டில் இருக்கிறேன்.

ஜூன் 19, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். மன்னித்து இல்லை. காலையில் லவ்னஸ் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வைசன் அழுத்தி இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாக நின்றுகொண்டிருந்தார். கதவைத் தட்டவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"மாத்திரையால தல சுத்துது. எத்தனை நாளைக்கு இருக்கும்னு கேக்க வந்தேன்."

"ரெண்டு வாரம். சில பேருக்கு மூணு."

"விடக் கூடாதுல்ல?"

"ஒரு நாள் கூட."

நர்ஸ் குரலில்தான் சொன்னேன். வேறு குரல் வரவில்லை. சாலைச் சரிவில் அவர் தள்ளாடினார். முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 2, சனி

அவருக்கும் கனவு வருகிறது. தூக்கத்தில் யாரிடமோ மெதுவாகப் பேசுகிறார். காலையில் கண் சிவந்திருக்கிறது. கஞ்சியில் கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டேன்.

செப்டம்பர் 7, புதன்

ஆறு மாதம். ஒரு கோடு. ஜகரந்தா பூக்க ஆரம்பித்துவிட்டது, ஆஸ்பத்திரிச் சாலை முழுக்க ஊதா.

நவம்பர் 26, சனி

நேற்று முதல் மழை. இன்று சோளம் போட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் சோளம் ஊன்றும் மண்மேட்டு வரப்பெல்லாம் வைசன் இரண்டு வாரமாக வெட்டி வைத்திருந்தார். முன்பெல்லாம் அரை வரப்புக்கே மூச்சு வாங்கும், வயசு என்று சொல்லிக்கொள்வார். அவர் மண்வெட்டியால் குழி போட்டுக்கொண்டே முன்னால் போக, நான் மூன்று மூன்று விதையாகப் போட்டுக் காலால் மூடிக்கொண்டே வந்தேன். மண் சூடாக இருந்தது, மேலே மட்டும் ஈரம். மலை உச்சி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

நான்காவது வரப்பில் திரும்பாமலே கேட்டார்.

"இன்னும் கோபமா?"

"ஆமா."

கொஞ்ச தூரம் வெட்டினார்.

"நாளைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ நாளைக்கும் இங்கதான் இருப்ப" என்றார்.

ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அவர் முதுகில் எறிந்தேன். நன்றாகவே பட்டது. திரும்பவில்லை, ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அடுத்த குழியை வெட்டிவிட்டு எனக்காக நின்றார்.

இருட்டுவதற்குள் ஏழு வரப்பு முடிந்தது.